கொழும்பில் பழைய ஃபேமிகொம்முக்கு ஏவி போடுவிக்கப் போகிறவர்களுக்கு

ஃபேமிகொம் என்பது நின்டென்டோவின் பழைய ஜப்பானிய டீவி கேம் மெஷின். அதில் ஏவி, அதாவது டீவியின் மஞ்சள், வெள்ளை ஓட்டைகளுக்குப் படமும் ஒலியும் தனித்தனி வயரில் போகும் வழி, போடுவிக்கும் வேலையைக் கொழும்பில் திருத்தமாகச் செய்விக்கலாம். ஆனால் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் முதலில் ஏறி இறங்கும் இடம் அதற்குரிய இடமல்ல. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலும் கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி பிளாசாவிலும் இருப்பவர்கள் கணினியும் கைத்தொலைபேசியும் தெரிந்தவர்கள். அனலொக் வீடியோ அவர்களுடைய துறையல்ல. தேட வேண்டியது பழைய டீவி திருத்துபவரை. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெஹிவளை ஒழுங்கைகளில் இன்னும் குழாய் டீவியை மேசையில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். வீடியோ வயருக்குரிய 75 ஓம் என்றால் என்னவென்று அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

முதலில் கையில் இருப்பது உண்மையான ஃபேமிகொம்தானா என்று பாருங்கள். கடைகளில் 'டீவி கேம்' என்று விற்ற போலிகள் பெரும்பாலானவற்றில் ஏவி ஓட்டை ஏற்கனவே இருக்கும். உள்ளே ஒரு கறுப்புப் பிசின் பொட்டுக்குள் எல்லாம் அடங்கியிருக்கும். அதில் இந்த மாற்றத்துக்கு வேலையே இல்லை. திறந்ததும் RP2C02 என்று எழுதிய 40 கால் ஐசி இருந்தால் மட்டும் மேலே வாசியுங்கள். அதுதான் படத்தை உருவாக்கும் பீபீயூ.

1983இல் ஜப்பானில் வெளிவந்த இந்த மெஷினில் ஆர்எஃப் வழி, அதாவது டீவியின் ஏரியல் ஓட்டைக்கு ஒரு சனலாக அனுப்பும் வழி, மட்டுமே உண்டு. அது அனுப்புவது ஜப்பானிய 1ஆம், 2ஆம் சனல்கள், அதாவது 91.25, 97.25 மெகாஹேர்ட்ஸ். இலங்கையில் அது எஃப்எம் வானொலி ஓடும் பட்டை. இங்குள்ள டீவிகள் அந்த இடத்தைத் தேடுவதே இல்லை. தேடிப் பிடித்தாலும் ஒலி 4.5 மெகாஹேர்ட்ஸ் தள்ளி நிற்கும், இங்குள்ள முறைக்கு 5.5 வேண்டும். ஆகவே 'ரியூன் பண்ணித் தாங்கோ' என்று கேட்பதில் பயனில்லை. கொம்போசிட், அதாவது முழுப் படத்தையும் ஒரே வயரில் தரும் வீடியோ, எடுப்பதுதான் வழி.

மின்சாரத்தில் கவனம். மூல அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது. 230இல் குத்தினால் புகை. மெஷினுக்கு வேண்டியது 10 வோல்ட் டீசி, 850 மில்லிஅம்பியர், நடுவில் மைனஸ். உள்ளே அதை 5 வோல்ட்டாகக் குறைக்கும் 7805 ரெகுலேட்டர் இருப்பதால் 9 வோல்ட், 1 அம்பியர் அடாப்டர் போதும். புறக்கோட்டையில் கிடைக்கும் அடாப்டர்களில் நடுவில் பிளஸ் உள்ளவைதான் அதிகம். கடையிலேயே மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அல்லது திருத்துபவரிடம் கொடுத்து வயரை மாற்றுவியுங்கள். மேற்கு நாடுகளில் விற்ற என்ஈஎஸ் (ஃபேமிகொம்மின் மேற்கத்திய வடிவம்) அடாப்டரைக் கொண்டுவர வேண்டாம். அது ஏசி வெளியிடுவது. என்ஈஎஸ்ஸுக்குள் ஏசியை டீசியாக்கும் ரெக்டிஃபையர் உண்டு, ஃபேமிகொம்முக்குள் இல்லை.

பாகங்களுக்குப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு. வெள்ளவத்தையிலிருந்து கரையோர ரயிலில் கோட்டைக்குப் போய் நடப்பது, 100ஆம் இலக்க பஸ்ஸில் காலி வீதி நெரிசலுக்குள் இருப்பதைவிட நல்லது. ஞாயிறும் போயா (முழுமதி விடுமுறை) நாளும் போகாதீர்கள். வெள்ளி நண்பகல் ஜும்ஆவுக்குப் பல கடைகள் மூடும். பட்டியல் சின்னது: பிஎன்பி டிரான்சிஸ்டர் 1, 300 ஓம் ரெசிஸ்டர் 1, 110 ஓம் ரெசிஸ்டர் 1, 220 மைக்ரோஃபரட் 16 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் 1, ஒலிக்கு 10 மைக்ரோஃபரட் 1, 0.1 மைக்ரோஃபரட் செராமிக் 1, மஞ்சளும் வெள்ளையுமாக ஆர்சிஏ சொக்கெட் 2, மெல்லிய கொஅக்சியல் வயர் அரை மீட்டர். எல்லாவற்றிலும் மேலதிகமாகவே வாங்குங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை. 110 ஓம் இல்லை என்றால் 100 போதும்.

டிரான்சிஸ்டரில்தான் அதிகம் தவறுகிறது. வரைபடங்களில் 2SA937 அல்லது 2N3906 என்று இருக்கும். கடைக்காரர் தருவது பெரும்பாலும் A1015 அல்லது BC557. "நானா, 2N3906 இருக்கா?" என்று கேட்டால், "அது இல்ல, A1015 போடுங்க, எல்லாம் ஒண்டுதான்" என்பார். வேலைக்கு ஒன்றுதான், கால் வரிசை ஒன்றல்ல. தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால், இடமிருந்து வலமாக 2N3906 எமிட்டர், பேஸ், கலெக்டர். A1015 எமிட்டர், கலெக்டர், பேஸ். BC557 கலெக்டர், பேஸ், எமிட்டர். வாங்கிய கையோடு இதை வரைபடத்தில் எழுதிவிடுங்கள். மாறினால் படம் மங்கும், அல்லது வராது; பழி பீபீயூ மேல் விழும்.

சுற்றுக்கு வருவோம். பீபீயூவின் 21ஆம் கால் வீடியோ. அது நேரே டிரான்சிஸ்டரின் பேஸுக்கு. கலெக்டர் தரைக்கு. எமிட்டரிலிருந்து 300 ஓம் ஊடாக +5 வோல்ட்டுக்கு ஒரு வழி. அதே எமிட்டரிலிருந்து 110 ஓம், பிறகு 220 மைக்ரோஃபரட், பிறகு மஞ்சள் சொக்கெட் என்று மற்ற வழி. கப்பாசிட்டரின் பிளஸ் பக்கம் டிரான்சிஸ்டரைப் பார்க்க வேண்டும். இடம் இல்லை என்று 220க்குப் பதில் சின்ன 10 போட்டுவிடுகிறவர்கள் உண்டு. டீவியின் 75 ஓமும் இந்த 110உம் சேர்ந்த 185 ஓமுக்கு 220 என்றால் 4 ஹேர்ட்ஸ் அளவிலிருந்து எல்லாம் கடந்துவிடும். 10 என்றால் 86 ஹேர்ட்ஸுக்குக் கீழே தேயும். படம் நொடிக்கு 60 தடவை வருகிறது, ஆகவே மேலே ஒரு வெளிச்சம் கீழே ஒரு வெளிச்சமாகச் சாயும், சில டீவிகளில் நிலைகொள்ளாமல் ஓடும்.

உங்கள் காசு எதற்குப் போகிறது என்றால் அடுத்த விடயத்துக்கு. அவசரமாகச் செய்கிறவர் ஆர்எஃப் பெட்டிக்குப் போகும் வயரிலிருந்தே வீடியோவைத் தட்டி எடுப்பார். படம் வரும். ஆனால் நீல வானம், கறுப்புத் திரை போன்ற ஒரே நிறப் பரப்பில் செங்குத்தாகச் சம இடைவெளியில் மங்கிய கோடுகள் நிற்கும். கேட்டால் "பழைய சாமான், அப்பிடித்தான்" என்ற பதில் வரும். அப்படி இல்லை. 21ஆம் காலிலிருந்து புறப்படும் செப்புத் தடம் தரவுத் தடங்களின் பக்கத்தால் ஓடுகிறது. அவற்றின் துடிப்பு வீடியோவுக்குள் ஏறுவதுதான் அந்தக் கோடு. தடத்தை விட்டு விலகினால் பெரும்பகுதி போய்விடும். ஆகவே சொல்ல வேண்டியது இதுதான்: "அண்ணை, 21ஆம் காலைப் போர்டிலயிருந்து தூக்கிப்போட்டு, காலிலயிருந்தே எடுங்கோ. டிரான்சிஸ்டரை ஐசிக்குப் பக்கத்திலயே வையுங்கோ." அதோடு 0.1 மைக்ரோஃபரட்டை பீபீயூவின் 40ஆம் காலுக்கும் 20ஆம் காலுக்கும் இடையில், ஐசியின் முதுகிலேயே குறுகிய காலோடு ஒட்டுவிக்க வேண்டும். டிரான்சிஸ்டரிலிருந்து சொக்கெட்வரை கொஅக்சியல். அதன் வலையைத் தரையோடு சேர்க்க வேண்டும்.

கால் தூக்குவது பொறுமையான வேலை. ஓட்டையிலுள்ள ஈயத்தை முழுதாக உறிஞ்சிய பிறகே வளைக்க வேண்டும், அதுவும் ஒரே தடவை. முன்னும் பின்னும் ஆட்டினால் கால் தோளில் முறியும். முறிந்தால் இன்னொரு ஃபேமிகொம்மை அறுத்துத்தான் ஐசி எடுக்கலாம். நடுங்கும் கையானால் காலைத் தூக்காமல், போர்டின் அடியில் காலை ஒட்டியே தடத்தை வெட்டினாலும் பலன் ஏறக்குறைய அதே. சோல்டர் அயனுக்கு எர்த் உண்டா என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். எர்த் இல்லாத அயனின் கசிவு இப்படிப்பட்ட பழைய ஐசிக்கு ஆகாது.

ஒலியை கார்ட்ரிட்ஜ் சொக்கெட்டின் 46ஆம் முனையிலிருந்து, 10 மைக்ரோஃபரட் ஊடாக எடுக்க வேண்டும். சில ஜப்பானியக் கார்ட்ரிட்ஜ்கள் தங்கள் ஒலியையும் கலந்து 46இல் திருப்பி அனுப்பும். 45இல் எடுத்தால் அந்தப் பகுதி கேட்காது. 46இல் எடுத்தால் கார்ட்ரிட்ஜ் இல்லாமல் ஒலி வராது, அது பிழையல்ல.

ஆர்எஃப் பகுதி இனித் தேவையில்லை என்று அந்தப் போர்டையே கழற்றிவிட விடாதீர்கள். 7805உம் அடாப்டர் ஓட்டையும் அதே போர்டில்தான்.

திருத்துபவர் சிங்களத்தில் மட்டும் பேசும் பாஸ் (தொழிலாளி) ஆனாலும் பிரச்சினை இல்லை. காலின் இலக்கமும் பெறுமானமும் எழுதிய ஒரு தாள் இருந்தால் போதும். வாய்மொழியாக மட்டும் சொல்லிவிட்டு வந்தால், எந்த மொழியில் சொன்னாலும் பழைய வழிக்கே திரும்பிவிடுவார்கள். கூலியையும் 'படம் வந்தால்' என்று பேசாமல், 'கால் தூக்கி, கோடு இல்லாமல் வந்தால்' என்று முதலே பேசுங்கள். மெஷினைப் புறப்படுவதற்கு முதல்நாள் கொடுக்காதீர்கள். கரண்ட் போகும், கப்பாசிட்டர் குறையும், இன்னொரு தடவை திறக்க நேரும்.

சோதிக்கும்போது டீவியைப் பற்றியும் தெரிந்திருங்கள். மெஷின் தருவது என்டிஎஸ்சி, அதாவது ஜப்பானிய டீவி முறை, நிறம் 3.58 மெகாஹேர்ட்ஸில். இங்குள்ள பால் (PAL) முறை மட்டும் தெரிந்த டீவியில் படம் கறுப்பு வெள்ளையாக வரும். மெனுவில் கலர் சிஸ்டத்தை ஓட்டோவிலிருந்து என்டிஎஸ்சி 3.58க்கு மாற்றிப் பாருங்கள். சில எல்சிடிகள் இந்த 240 கோட்டுப் படத்தை ஏற்காமல் 'சிக்னல் இல்லை' என்று காட்டும். அதனால் குழாய் டீவியிலும் எல்சிடியிலும் பார்க்காமல் வேலையில் குறை சொல்ல முடியாது. படம் அளவுக்கு மிஞ்சி வெளிறினால் 110 ஓம் விடுபட்டிருக்கும். குறுக்காகக் கருமைப் பட்டை மேலும் கீழும் உருண்டால் அது அடாப்டரின் அலை. வேறு அடாப்டர் போட்டுப் பார்த்துவிட்டு, போகாவிட்டால் 7805க்குப் பக்கத்திலுள்ள பெரிய எலக்ட்ரோலிட்டிக்கை மாற்றுவியுங்கள். நிற ஓரங்களில் ஊரும் சின்னப் புள்ளிகள் மட்டும் எதைச் செய்தாலும் போகாது. பீபீயூ உள்ளிருந்தே கொம்போசிட்டாகத்தான் வெளியிடுகிறது. அதற்கு முந்திய தனி நிறம் எடுக்க அதில் காலே இல்லை.

காசு கொடுக்க முன் அரை மணி நேரம் ஓட விடுங்கள். 7805 சூடாகும், அது வழமை. சூடேறிய பிறகு படம் நடுங்கினால் எங்கோ ஒரு சோல்டர் சரியாகப் பிடிக்கவில்லை. அங்கேயே மூடியைத் திறந்து, தூக்கிய காலில் ஒட்டிய வயரைக் குச்சியால் மெதுவாகத் தட்டச் சொல்லுங்கள்.