பொன்மலைத் தாத்தாவைத் தேடி: இலவசத் தளமா, சந்தா தளமா, சங்கமா?

எதிர்வீட்டு ஆன்ட்டி ஆங்கிலோ இந்தியர். அப்பா, தாத்தா எல்லாருமே ரயில்வே. ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகளுக்குத் திடீரென்று வம்சாவளி தேடும் ஆசை வர, அவள் ஆன்ட்டியைப் பிடுங்க, ஆன்ட்டி என்னைப் பிடித்துக்கொண்டார். கையில் இருந்தது தாத்தாவின் பெயரும், '1900 வாக்கில் பொன்மலையில் பிறந்தார்' என்ற வாய்வழித் தகவலும்தான். பொன்மலை என்பது திருச்சியில் ரயில்வே பணிமனை இருக்கும் பகுதி. நாலு மாதம் மூன்று வழிகளிலும் மாறி மாறி அலைந்தேன். அதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் எல்லாரும் போகும் இடம் ஃபேமிலிசெர்ச் என்ற இணையதளம். காசு கிடையாது, கணக்கு தொடங்கினால் போதும். 1894இல் அமெரிக்காவின் யூட்டாவில் மார்மன் என்ற கிறிஸ்தவ சபையினர் தொடங்கிய வம்சாவளிச் சங்கத்தின் இன்றைய வடிவம் இது. உலகம் முழுக்கப் போய்ப் பழைய பதிவேடுகளை மைக்ரோஃபிலிம் எடுத்தவர்கள். 2017இல் ஃபிலிம் சுருள் அனுப்புவதை நிறுத்திவிட்டு இணையத்துக்கு வந்துவிட்டார்கள். இந்தியாவில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் அட்டவணைகள் இதில் இருக்கின்றன. ஒரு உத்தி சொல்கிறேன். பிள்ளையின் பெயரை விட்டுவிட்டு அப்பா, அம்மா பெயரை மட்டும் போட்டுத் தேடுங்கள். உடன்பிறந்தவர்கள் வரிசையாக வந்து நிற்பார்கள். ஆனால் அட்டவணை என்பது அட்டவணைதான். அப்பா என்ன வேலை பார்த்தார், எந்தத் தெருவில் இருந்தார் என்பதெல்லாம் அதில் வராது. வேறு யாரோ படித்து எழுதியது என்பதால் எழுத்துப் பிழைக்கும் பஞ்சமில்லை. ரொசாரியோ ஒரு வரியில் டி ரொசாரியோ, இன்னொன்றில் ரோசேர். திருச்சியின் பழைய ஆங்கிலப் பெயரான டிரிச்சினோபோலியை எத்தனை விதமாகத் தப்பாக எழுதலாம் என்பதற்கு அங்கே ஒரு கண்காட்சியே வைக்கலாம்.

அடுத்தது சந்தா தளங்கள். இந்த வேலைக்கு ஃபைண்ட்மைபாஸ்ட்தான் முக்கியமானது, மற்றவை இரண்டாம்பட்சம். சென்னை மாகாணத்தில் இருந்த பாதிரியார்கள் தங்கள் பதிவேடுகளுக்கு நகல் எடுத்து லண்டனுக்கு அனுப்பி வந்தார்கள். அந்த நகல்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் (அன்று இந்திய நிர்வாகத்தைக் கவனித்த லண்டன் அலுவலகம்) ஆவணங்களில் இருக்கின்றன. அவற்றின் படங்களை 2014இல் இந்தத் தளத்தில் ஏற்றினார்கள். படமாகப் பார்ப்பதன் ருசியே வேறு. நீளமான பக்கம், கோடு போட்ட கட்டங்கள். ஞானஸ்நானம் எடுத்த நாள், பிறந்த நாள், பெயர், பெற்றோர், வசிப்பிடம், தந்தையின் தொழில், கடைசியில் பாதிரியார் கையெழுத்து. தொழில் கட்டத்தில் 'ஃபிட்டர், ரயில்வே' என்று சாய்ந்த எழுத்தில் பார்க்கும்போது பெயர் ஆளாக மாறிவிடுகிறது.

குறைகளும் உண்டு. சென்னை நகல்கள் 1698இல்தான் தொடங்குகின்றன. சென்னைக் கோட்டையில் இருக்கும் புனித மேரி ஆலயத்தின் சொந்தப் பதிவேடு 1680இலேயே தொடங்கிவிட்டது. கத்தோலிக்கர்கள் விஷயத்தில் லண்டனுக்குப் போனது அரைகுறைதான்; ஆங்கிலோ இந்தியர்களில் பெரும் பங்கு கத்தோலிக்கர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். அப்புறம் சந்தா. நான் சேர்ந்த ஒரு தளத்தில் ஒரு மாதத்துக்கு மட்டும் என்று நினைத்துக் கார்டு எண்ணைக் கொடுத்தேன். மூன்றாவது மாதம் வங்கி எஸ்எம்எஸ் வந்தபோதுதான் அது தானாகவே புதுப்பித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. முதல் நாளே தானியங்கிப் புதுப்பிப்பை அணைத்துவிடுங்கள். லண்டனில் உறவினர் யாராவது இருந்தால் இந்தச் செலவே வேண்டாம். பிரிட்டிஷ் நூலகத்தின் வாசகர் அட்டை இலவசம், வாசிப்பறைக் கணினியில் அதே படங்களைக் காசில்லாமல் பார்க்கலாம்.

இரண்டு வழியிலும் திருச்சியில் தாத்தா இல்லை. அதே பெயரில் பெங்களூரில், பெல்லாரியில், ஆர்க்காட்டில் என்று ஆட்கள் வந்தார்களே தவிர, பொன்மலையில் ஒருவரும் இல்லை.

கடைசியாகத்தான் சங்கத்துப் பக்கம் போனேன். அங்கேதான் முதலில் போயிருக்க வேண்டும். பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கென்றே 1998இல் தொடங்கிய ஃபிபிஸ் என்ற சங்கம் இருக்கிறது. தன்னார்வலர்கள் பழைய பட்டியல்கள், பத்திரிகை அறிவிப்புகள், கல்லறை வாசகங்கள் என்று உட்கார்ந்து தட்டச்சு செய்து ஏற்றுகிறார்கள். தேடுவதற்கு உறுப்பினராக வேண்டியதில்லை. உறுப்பினரானால் ஆண்டுக்கு இரண்டு இதழ் வரும். கூட்டங்களும் சொற்பொழிவுகளும் நடக்கின்றன. இவர்கள் நடத்தும் ஃபிபிவிக்கியை மட்டுமே ஒரு வாரம் படிக்கலாம். கல்லறை என்றால் 1976இல் தொடங்கிய பாக்ஸா என்ற இன்னொரு சங்கமும் உண்டு. தெற்காசியாவில் இருக்கும் ஐரோப்பியக் கல்லறைத் தோட்டங்கள்தான் அவர்களுடைய அக்கறை.

லண்டனில் 1911 முதல் இருக்கும் வம்சாவளியாளர் சங்கம் வேறு வகை. அதன் பலம் நூலகம். நமக்கு அது எப்போது தேவைப்படும் என்றால், இந்தியாவைக் கடந்து 'இங்கிலாந்தில் எந்த ஊர்க்காரர்' என்ற கேள்வி வரும்போது. பாய்ட் என்பவர் தொகுத்த திருமண அட்டவணை 1538 முதல் 1840 வரை போகிறது. எல்லா ஊரையும் அது தொடவில்லை, ஆனாலும் கிணற்றில் கயிறு விட்ட மாதிரி ஒரு பிடி கிடைக்கும். ஆன்ட்டி வீட்டுக் கதைக்கு இன்னும் அந்தக் கட்டம் வரவில்லை.

எங்களுக்கு விடை கிடைத்தது தரவுத்தளத்தில் அல்ல. இப்படி ஒரு சங்கத்தில் உறுப்பினராக இருக்கும் ஒருவருக்கு எழுதிக் கேட்டேன். அவருடைய பதில் இரண்டே வரி. 'பொன்மலைப் பணிமனை 1928இல் வந்தது. அதற்கு முன் அது நாகப்பட்டினத்தில் இருந்தது, அங்கே தேடுங்கள்.' எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. திருச்சியிலேயே பிறந்து வளர்ந்தவன் நான். 1861இல் நாகப்பட்டினத்திலிருந்துதான் இந்தப் பக்கத்து ரயில் பாதையே கிளம்பியது என்று பள்ளியில் படித்திருக்கிறேன். 'பொன்மலையில் பிறந்தார்' என்றால் பணிமனைக் குடும்பத்தில் பிறந்தார் என்றுதான் அர்த்தம் என்பது எனக்கு உறைக்கவில்லை. தேடுபெட்டி, கேட்டதற்குத்தான் பதில் சொல்லும். கேள்வியே தப்பு என்று சொல்ல ஆள் வேண்டும். நாகப்பட்டினம் என்று மாற்றிப் போட்டதும் பத்து நிமிடத்தில் ஆள் கிடைத்தார்.

இந்தச் சூட்டில் என் குடும்பத்தையும் தேடிப் பார்த்தேன். அது வேலைக்கு ஆகவில்லை. எல்லாப் பெட்டியும் முதலில் குடும்பப் பெயர் கேட்கிறது. எனக்கோ அப்பா பெயரின் முதலெழுத்து, அப்பாவுக்கு அவர் அப்பாவுடையது. ஒவ்வொரு தலைமுறையிலும் பெயர் மாறும் வீட்டுக்கு இந்த மூன்று வழிகளும் உதவாது. நமக்குப் பழைய பத்திரமும் குலதெய்வக் கோயிலும்தான்.

ஆன்ட்டியின் அம்மா வழி கத்தோலிக்கம் என்பதால், அதற்கு நேராகப் பங்குக் கோயில் அலுவலகம்தான் சரி. கத்தோலிக்க ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு வசதி உண்டு. 1908இல் வந்த விதிப்படி, ஒருவர் பின்னால் எங்கே திருமணம் செய்தாலும் அந்தத் தகவல் ஞானஸ்நானம் பெற்ற கோயிலுக்கு வந்து, அவர் பெயருக்குப் பக்கத்தில் ஓரத்தில் எழுதப்பட வேண்டும். அந்த ஓரக்குறிப்பையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

நாகப்பட்டினப் பக்கத்தை அச்செடுத்து ஆன்ட்டியிடம் கொடுத்தேன். தந்தை பெயர், குடும்பப் பெயர், தொழில் எல்லாம் இருந்தது. தாய் என்ற இடத்தில் 'மேரி' மட்டும். அந்தப் படிவத்தில் தாயின் பிறந்த வீட்டுப் பெயருக்குக் கட்டமே கிடையாது. ஆன்ட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவங்க தமிழ்க்காரங்கதான். எங்க பாட்டிக்கு மீன் குழம்பு சொல்லிக் குடுத்தது இந்த மாமியார்தானாம்" என்றார்.