நகைக்கடைக்கென்றே செய்த பில் மென்பொருளா? கல் வைத்த நகைக்குப் பில் போடச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

நகைத் தொழிலுக்கென்றே தனியாக உருவாக்கியது என்று சொல்லி எங்களுக்கு ஒரு பில் மென்பொருளை விற்றார்கள். விவகாரம் இன்னும் முடியாததால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. ஆனால் இந்தக் கோளாறுகள் வேறு பெயர்களில் விற்கும் மென்பொருள்களிலும் இருக்கலாம் என்பதால் விவரமாகச் சொல்கிறேன்.

செயல்விளக்கம் காட்ட வந்தவர் ஒரு சாதாரணச் சங்கிலிக்குப் பில் போட்டார். எடை, அன்றைய விலை, செய்கூலி, சேதாரம், வரி எல்லாம் நொடியில் வந்து விழுந்தன. கல் இல்லாத நகைக்கு யார் வேண்டுமானாலும் சரியாகப் பில் போடலாம், கால்குலேட்டரே போதும். கல் வைத்த நகையில்தான் வேலை இருக்கிறது. மொத்த எடையிலிருந்து கல் எடையைக் கழித்தால்தான் தங்கத்தின் நிகர எடை கிடைக்கும். தங்கத்தைக் கிராமில் நிறுக்கிறோம், கல்லைக் காரட்டில் நிறுக்கிறோம். ஒரு காரட் என்பது 0.2 கிராம்.

மொத்த எடை 6.450 கிராம் உள்ள மோதிரத்தில் 1.50 காரட் கற்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். கழிக்க வேண்டியது 0.300 கிராம், நிகர எடை 6.150. இவர்களுடைய மென்பொருள் 1.500 கிராமைக் கழித்து 4.950 என்று பில் போட்டது. 1.200 கிராம் தங்கம் இனாம்! கல் எடைக்கான கட்டத்தில் அலகைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தது. ‘காரட்’ என்று தேர்ந்தெடுத்தால் பில்லிலும் காரட் என்றே அச்சாகும். ஆனால் கணக்கு அந்த அலகைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வாடிக்கையாளர் யாரும் புகார் சொல்லவில்லை, எப்படிச் சொல்வார்கள்? இருப்பை நிறுத்துப் பார்த்தபோது, புத்தகத்தில் இருந்ததைவிடப் பெட்டியில் தங்கம் குறைவாக இருந்தது. கணக்கர் கேட்ட முதல் கேள்வி, பெட்டிச் சாவி யாரிடம் இருக்கும் என்பது. எங்களிடம் நெடுங்காலமாக வேலை செய்யும் ஒருவர் அன்று தலைகுனிந்து நின்றார். மாற்றிக்கொள்வதற்காகத் திரும்பி வந்த ஒரு மோதிரத்தில் கற்களைக் கழற்றி நிறுத்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. நிறுவனத்தின் மேல் எனக்குள்ள கோபத்தில் பாதி அந்த மனிதருக்காகத்தான்.

புகார் செய்தோம். “உங்கள் ஆள் தவறாகப் பதிந்திருப்பார்” என்றார்கள். திரையைப் படம் எடுத்து அனுப்பிய பிறகு ஒரு திருத்தம் வந்தது, அதற்கும் தனிக் கட்டணம். அந்தத் திருத்தம் கல் கணக்கைச் சரிசெய்துவிட்டு எல்லா நகைகளுக்கும் 916 என்று அச்சடிக்கத் தொடங்கியது. 916 என்பது 22 காரட் தங்கத்தின் முத்திரை (இந்தக் காரட் தங்கத்தின் தூய்மையைச் சொல்வது, கல் எடைக்கான காரட் வேறு). கல்லை இறுகப் பிடிக்க வேண்டும் என்பதற்காக வைர நகைகளை நாங்கள் பெரும்பாலும் 18 காரட்டில் செய்கிறோம், அதற்கு 750 என்று வர வேண்டும். முன்பு தங்கம்தான் போனது. இப்போது 18 காரட் நகையை 22 என்று எழுதிக் கொடுத்த பொய்யர்களாக எங்களை ஆக்கப் பார்த்தது. முதல் பில்லிலேயே கடை ஊழியர் கவனித்ததால் தப்பினோம்.

இன்னொன்றும் இருந்தது. பழைய பில்லுக்கு நகல் எடுத்தால், விற்ற நாளின் விலையை விட்டுவிட்டு நகல் எடுக்கும் நாளின் விலையைப் போட்டுக் கணக்கிடும். காப்பீட்டுக்காக நகல் கேட்ட ஒரு வாடிக்கையாளர் கையில் ஒரே எண்ணுடன், ஒரே தேதியுடன், இரண்டு வேறு தொகைகளோடு பில்கள். எது உண்மையானது என்று காப்பீட்டு நிறுவனம் கேட்டது. நாங்கள் கடிதம் எழுதிக் கொடுத்துச் சமாளித்தோம்.

விலகிவிடலாம் என்று தரவுகளைக் கேட்டால் பில்களின் பிடிஎஃப் கோப்புகளை மட்டும் தந்தார்கள். வேறு மென்பொருளில் ஏற்றக்கூடிய அட்டவணையாக வேண்டுமென்றால் அடுத்த ஆண்டுச் சந்தாவைக் கட்ட வேண்டுமாம். சந்தாவுக்கான பில்லை மட்டும் உடனே அனுப்பினார்கள், அதில் கூட்டல் சரியாகவே இருந்தது. நாங்கள் கட்டவில்லை. பழைய விற்பனைகளை ஒவ்வொன்றாகக் கையால் பதிந்துகொண்டிருக்கிறோம்.

நீங்கள் ஏற்கெனவே இப்படி ஒன்றைப் பயன்படுத்துபவராக இருந்தால், சிறு வைரங்கள் வைத்த நகையின் பில் ஒன்றை இன்றே எடுத்து நிகர எடையைக் கையால் கழித்துப் பாருங்கள். சென்ட் கணக்கில் எழுதியிருந்தால் 100 சென்ட் ஒரு காரட். பிறகு சில மாதங்களுக்கு முந்தைய பில் ஒன்றுக்கு நகல் எடுத்து அசலோடு ஒப்பிடுங்கள். புதிதாக வாங்கப் போகிறவர்கள் செயல்விளக்கத்தின்போது சங்கிலியை ஒதுக்கிவிட்டு, கல் வைத்த 18 காரட் மோதிரத்தை நீட்டுங்கள். தரவுகளை எந்த வடிவில் திருப்பித் தருவார்கள் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய பிறகே முன்பணம் கொடுங்கள்.