ஹே தோஹு: எலி கடித்த தாளைப் பார்க்கப் போனோம்

நியூசிலாந்துத் தலைநகர் வெலிங்டனுக்கு வருகிற உறவினரை எல்லோரும் முதலில் கேபிள் காருக்குத்தான் கூட்டிப் போவார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து அம்மா வந்தபோது நான் முதல் வாரமே கூட்டிப் போனது மோல்ஸ்வர்த் வீதியில் இருக்கும் தேசிய நூலகத்துக்கு. அங்கே 2017இல் திறந்த 'ஹே தோஹு' என்ற நிரந்தரக் கண்காட்சி இருக்கிறது. கட்டணம் இல்லை. ரயில் நிலையத்தில் இருந்து அம்மாவின் நடைக்குப் பத்து நிமிடம், வீதிக்கு அந்தப் பக்கம் நாடாளுமன்றம்.

உள்ளே இருப்பது மூன்றே ஆவணங்கள்: இந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிகளின் தலைவர்கள் செய்த 1835 சுதந்திரப் பிரகடனம், அவர்களுக்கும் பிரித்தானிய அரசிக்கும் இடையிலான 1840 வைதாங்கி ஒப்பந்தம், பெண்கள் 1893இல் கொடுத்த வாக்குரிமை மனு. அவற்றுக்காகவே ரிமு மரத்தில் ஓர் அறை செய்திருக்கிறார்கள். மாவோரி மக்கள் விலைமதிப்பான பொருட்களைப் பத்திரப்படுத்தும் மரப்பெட்டியை மனதில் வைத்துச் செய்த வடிவம். தாள்கள் மங்கிப் போகாமல் இருக்க வெளிச்சத்தைக் குறைத்திருப்பார்கள். வயதானவர்களை வாசலில் ஒரு நிமிடம் நிறுத்திக் கண் பழகியபிறகு கூட்டிப் போங்கள்.

ஒப்பந்தம் என்றால் ஒரே தாள் என்று நினைத்திருந்தேன். ஒன்பது தாள்கள். நாடு முழுக்கக் கொண்டு போய்க் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். சுமார் 540 தலைவர்கள் ஒப்பமிட்டார்கள், பெண்களும் உண்டு. பலர் பெயருக்குப் பதில் தங்கள் முகத்துப் பச்சை குத்திய கோலத்தில் ஒரு பகுதியை வரைந்திருக்கிறார்கள். முதன்முதலில் வைதாங்கியில் கையெழுத்தான தாளின் ஓரங்களை எலி தின்றிருக்கிறது. சில பெயர்கள் பாதியில் நிற்கின்றன. அம்மா அதன் முன்னால்தான் அதிக நேரம் நின்றார்.

நான் இங்கே மருத்துவமனைகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். அதனால் எனக்கு இந்த அறை வேறு மாதிரித் தெரிகிறது. 1840 பெப்ரவரி 4ஆம் தேதி இரவு, ஹென்றி வில்லியம்ஸ் என்ற மிஷனரியும் அவர் மகன் எட்வர்டும் ஆங்கில வரைவை மாவோரி மொழிக்கு மாற்றினார்கள். ஒரே இரவு. ஆங்கிலத்தில் தலைவர்கள் இறைமையை அரசிக்குக் கொடுக்கிறார்கள். மாவோரியில் கொடுப்பது 'காவனதங்க', அதாவது 'கவர்னர்' என்ற சொல்லை மாவோரி நாக்குக்கு ஏற்றபடி திருப்பிச் செய்த சொல், ஆளுநர் வேலை என்பது போல. அடுத்த பிரிவில் 'ரங்கதிரதங்க', தலைமை அதிகாரம், உங்களுக்கே என்று எழுதியிருக்கிறது. இப்போது சில அடி நடந்து 1835 பிரகடனத்தைப் பாருங்கள். அதில் நாட்டின் மீதான ஆட்சி அதிகாரத்துக்கு 'மன' என்ற சொல் நிற்கிறது. ஐந்து வருடம் முன்பு கையில் இருந்த சொல்லை 1840இல் ஏன் தொடவில்லை? இரண்டு தாளையும் ஒரே அறையில் வைத்ததுதான் இந்தக் கண்காட்சியின் பெரிய பலம். நான் முன்பு போன வேறொரு இடத்தில் ஒப்பந்தத்தை ஒரே பலகையில் முடித்துவிட்டார்கள், இந்தக் கேள்வியே எழவில்லை.

ஒருமுறை ஒரு நோயாளி சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட இருந்தார். அவசரத்தில் நான் 'சிகிச்சை' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'சோதனை' என்று சொல்லிவிட்டேன். அவர் சரி என்று பேனாவை எடுத்தார். நல்ல வேளை, நானே நிறுத்தித் திருத்தினேன். அவர் முகம் மாறியது, வீட்டில் பேச வேண்டும் என்று எழுந்துவிட்டார். தன் காதில் விழுந்ததற்குத்தானே மனிதர் கையெழுத்துப் போடுகிறார்? ஆங்கிலத் தாளில் கையெழுத்திட்டவர்கள் 39 பேர் மட்டும். மற்ற எல்லோரும் மாவோரித் தாளில்.

"அப்ப எது செல்லும், பிள்ளை?" என்று அம்மா கேட்டார்.

ஒப்பந்தம் மீறப்பட்டது என்ற மாவோரிகளின் முறையீடுகளை விசாரிக்க 1975இல் வைதாங்கி தீர்ப்பாயத்தை அமைத்த சட்டம், இரண்டு வடிவங்களையும் எடுத்துப் பொருள் சொல்லும் அதிகாரத்தை அதற்குக் கொடுத்தது. அந்தத் தீர்ப்பாயம் 2014இல், 1840 பெப்ரவரியில் ஒப்பமிட்ட வடக்குத் தலைவர்கள் இறைமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று சொன்னது. ஆனால் அதன் பரிந்துரைகளில் பெரும்பாலானவை அரசைக் கட்டுப்படுத்தாது. நியூசிலாந்தில் ஒரே நூலாக எழுதிய அரசியலமைப்பும் இல்லை. ஒப்பந்தத்தை நாடாளுமன்றம் ஒரு சட்டத்தில் எழுதிச் சேர்த்தால்தான் பெரும்பாலும் நீதிமன்றத்தில் அதற்கு வலு.

நாடாளுமன்றத்தில் மாவோரிகளுக்கான தனி இடங்களும் அப்படித்தான், நாடாளுமன்றம் நினைக்கும் வரைதான். நிரந்தர வதிவிடம் உள்ளவர் இங்கே ஒரு வருடம் இருந்தாலே வாக்களிக்கலாம் என்பதால் குடியுரிமைக்கு முன்பே நான் பதிந்தேன். நீங்கள் மாவோரி வம்சமா என்று படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. ஆம் என்பவர்கள் மாவோரிப் பட்டியலில் சேர்ந்து தனித் தொகுதிகளுக்கு வாக்களிக்கலாம். 1867இல் நான்கு தொகுதிகள் கொடுத்தார்கள், அதுவும் ஐந்து வருடத்துக்கு என்று. சொத்து இருந்தால்தான் வாக்கு என்ற காலம் அது, மாவோரி நிலமோ பொதுவில் இருந்தது. அந்த நான்கு 1996 வரை நான்காகவே கிடந்தது. இப்போது ஏழு. பொதுத் தொகுதிகளுக்கான விதியை மாற்ற நாடாளுமன்றத்தில் 75 சதவீதம் வேண்டும், அல்லது மக்கள் வாக்கெடுப்பு. மாவோரித் தொகுதிகளை எடுத்துவிடச் சாதாரணப் பெரும்பான்மை போதும். இதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு கலங்குகிறது. பழைய அரசியலமைப்பில் சிறுபான்மைக்குக் காப்பாக இருந்த 29ஆம் பிரிவு 1972 அரசியலமைப்பில் காணாமல் போன நாட்டில் இருந்து வந்தவள் நான்.

2024 நவம்பரில், வைதாங்கி ஒப்பந்தத்தின் கோட்பாடுகளைச் சட்டத்தில் புதிதாக வரையறுக்க வந்த ஒப்பந்தக் கோட்பாட்டு மசோதாவை எதிர்த்துப் பல்லாயிரம் பேர் இந்த நாடாளுமன்றத்துக்கு நடந்து வந்தார்கள். நானும் வீதி ஓரத்தில் நின்றேன். 2025 ஏப்ரலில் மசோதா 112க்கு 11 என்று தோற்றது. அதன் பிறகு இந்த அறைக்கு நான் வருவது இது மூன்றாவது தடவை.

பெண்களின் மனுவுக்கும் நேரம் வையுங்கள். 270 மீட்டருக்கு மேல் நீளம், சுருட்டி வைத்திருக்கிறார்கள். எல்லாம் பார்க்க ஒரு மணி நேரம் போதும் என்பார்கள். எங்களுக்கு இரண்டரை ஆனது.

திரும்பும்போது லாம்ப்டன் கீ பக்கம் உள்ள பழைய அரசுக் கட்டடத்தையும் பாருங்கள். கல் மாதிரித் தெரியும், முழுக்க மரம். இப்போது அங்கே சட்டக் கல்லூரி. 1908இல் டாக்டர் ஹோக்கன் என்பவர் ஒப்பந்தத் தாள்களைக் கண்டெடுத்தது அதன் அடித்தளத்தில்தான், தண்ணீரும் எலியும் பட்ட நிலையில். அம்மா நடைபாதையில் நின்று கீழ் ஜன்னல்களைக் குனிந்து பார்த்தார்.

"இதுக்குள்ளையோ கிடந்தது?" என்றார்.