இரு முக டிஃப்யூசர்: சேலம் பட்டறை வேலை எப்படி?

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு மரப்பட்டறையில், அளவு கொடுத்தால் ஒலிப்பதிவு அறைக்கான இரு முக டிஃப்யூசர் (ஒலியைப் பல திசைகளில் சிதறடிக்கும் பள்ளப் பலகை) செய்து தருகிறார்கள். கணக்கு, ஒலி இயற்பியலாளர் மான்ஃப்ரெட் ஷ்ரோடர் 1970களில் வகுத்ததுதான்: ஏழு பள்ளங்கள், ஆழம் 0, 1, 4, 2, 2, 4, 1 என்ற விகிதத்தில். ஒரு படி (விகிதத்தில் 1) 25 மி.மீ., பள்ளத்தின் அகலம் 50 மி.மீ. சுமார் 1000 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை ஒலியைச் சிதறடிக்கும். பேஸ் (தாழ்ந்த சுருதி ஒலி) தொல்லைக்கு இதில் மருந்தில்லை.

சூட்சுமம் பின்பக்கத்தில் இருக்கிறது. பள்ளத்தின் தரைப்பலகை இரு முகத்துக்கும் பொது என்பதால், மறுபுறம் தானாகவே 4, 3, 0, 2, 2, 0, 3 ஆகிறது. இதுவும் அதே கணக்கின் தலைகீழ் வடிவம், செலவில்லாமல் கிடைக்கிறது. இரண்டு பேனல்களை ஒட்டி நிறுத்தும்போது ஒன்றைத் திருப்பி வையுங்கள். ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வந்து சில கோணங்களில் மட்டும் ஒலி குவிவது குறையும்.

6 மி.மீ. பிளைவுட்டில் 1200×106 அளவில் எட்டுத் தடுப்புகள், 1200×50 அளவில் ஏழு தரைப்பட்டைகள், மேலும் கீழும் மூட 398×106 அளவில் இரண்டு. எட்டுக்கு நாலு ஷீட்டில் பாதி போதும் என்பார்கள்; பரப்பளவிலேயே போதாது, ரம்பம் தின்பது வேறு.

அந்த 106-ஐ எழுதியே கொடுங்கள். 100 என்று அறுத்தால் தரைப்பலகையின் 6 மி.மீ. தடிமன் ஆழத்தைத் தின்று, பின்முகத்தின் 100, 75, 50 எல்லாம் 94, 69, 44 ஆகிவிடும். ஒட்டும்போது முன்முகத்தை மேசைமேல் கவிழ்த்து, 25, 50, 100 மி.மீ. கட்டைகளை முட்டுக் கொடுத்தால் டேப் பிடித்து அளக்கவே வேண்டாம்.

அறுப்பு நேர்த்தி. கோட்டை விடுவது மூட்டில்: ஆணியடித்து இடையிடையே பசை வைக்கிறார்கள். தரையும் தடுப்பும் சேரும் இடத்தில் நூலிழை சந்து இருந்தாலும் காற்று கசிந்து, பள்ளம் ஒலியைச் சிதறடிப்பதற்குப் பதில் உறிஞ்சத் தொடங்கும். முழு நீளத்துக்கும் பசை ஓட வேண்டும். வாங்கும்முன் விளக்கை அணைத்துப் பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள். வெளிச்சம் தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள்.

ஏற்காட்டு ஸ்டுடியோ என்றால் ஐ.எஸ். 710 (ஈரம் தாங்கும் மரைன் தர) பிளைவுட்டே கேளுங்கள், பனிமூட்ட ஈரத்தில் எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) ஊதிவிடும்.

எடை ஆறு கிலோ அளவுதான், கை பட்டாலே சாயும். அடிக்கட்டை பட்டறைக் கணக்கில் இல்லை. குறுக்காக 40 செ.மீ. நீளத்தில் இரண்டு தனியாகக் கேட்டு வாங்குங்கள். மைக்குக்கு ஒரு மீட்டராவது தள்ளி நிறுத்துங்கள். டிரம் சத்தத்தைத் தடுக்கும் சுவராக நினைத்து வாங்குவோருக்கு இது வேண்டாம்.