காரைக்குடித் தச்சுப் பட்டறையில் லூ பான் பூட்டு: இரண்டு நாள் பயிற்சி தேறுமா?

ஆணியும் பசையும் இல்லாமல் ஆறு கட்டைகள் ஒன்றையொன்று பிடித்து நிற்கும் சீனத்துப் புதிர்தான் லூ பான் பூட்டு. காரைக்குடியில் ஒரு பட்டறை, அதை ஆசாரிகளோடு உட்கார்ந்து நாமே வடிவமைத்துச் செய்ய இரண்டு நாள் பயிற்சி தருகிறது. மரம், இடித்த வீடுகளிலிருந்து வந்த பர்மா தேக்கு.

முதல் நாள் காலைதான் இதில் உயர்ந்த பகுதி. முடிந்த வரைபடத்தை யாரும் கையில் திணிப்பதில்லை. தெர்மாகோலை இருமடங்கு அளவில் வெட்டி, எந்தக் கட்டையில் எங்கே பள்ளம் என்று குழுவே பேசி முடிவு செய்கிறது. கட்டை 20 மி.மீ. சதுரம், 80 மி.மீ. நீளம். பள்ளங்கள் எல்லாம் நடு 40 மி.மீ.க்குள் அடங்க வேண்டும். ஆழம் 10 மி.மீ., அதாவது பருமனில் பாதி. ஒரு கட்டைக்குப் பள்ளமே கிடையாது. அதுதான் சாவி, கடைசியில் நுழைந்து மற்ற ஐந்தையும் பூட்டுகிறது.

பென்சில் கோடே அரை மி.மீ. தடிமன் வரும் என்பதால் கத்தியால் கீறச் சொல்கிறார்கள், சரியான பழக்கம். கோட்டுக்கு உட்பக்கமாக ரம்பம் போட்டு, இடையிலும் சில வெட்டுகள் கொடுத்து, இரண்டு பக்கமிருந்தும் நடுவை நோக்கி உளியை ஓட்ட வேண்டும். ஒரே பக்கமாக ஓட்டினால் மறுவிளிம்பு சிலாம்பாகப் பெயரும். தேக்கில் சிலிக்கா உண்டு, உளி சீக்கிரம் மழுங்கும். அடிக்கடி சாணைக்கல்லில் தீட்டிக் கொடுக்க ஆசாரிகள் சலிப்பதில்லை.

ஆறாவது கட்டை நுழையாவிட்டால் பலரும் சாவியை உப்புத்தாளில் தேய்த்து விடுகிறார்கள். பிறகு பூட்டு கடைசி வரை ஆடும். குற்றம் பெரும்பாலும் பள்ளத்தின் அடியில், நடுவில் நிற்கும் மேட்டில்தான். பள்ளத்தில் பென்சில் கரி பூசிச் சொருகி எடுத்தால் முட்டும் இடம் பளபளக்கும். அங்கே மட்டும் சீவினால் போதும்.

மரத்தைப் பதப்படுத்துவதில்தான் குறை. உத்தரத்தை அறுத்த சூட்டோடு கட்டை தருகிறார்கள், ஈரமானி இல்லை. தேக்கு, வெட்டிய பச்சை மர நிலையிலிருந்து முழுக்க உலரும்போது ஆண்டு வளையத்தின் போக்கில் சுமார் 5.8% சுருங்கும். அந்தக் கணக்கில் 20 மி.மீ. கட்டையின் ஈரம் 4 சதவீதப் புள்ளி ஏறினாலே 0.15 மி.மீ. பருக்கும். சித்திரை வெயிலில் இறுக்கமாகச் சேர்த்தது ஐப்பசி மழையில் திறக்காது. கோடையில் செய்தால் சாவிக்கு 0.2 மி.மீ. இடைவெளி விடுங்கள். பொருந்தும் முகங்களில் வார்னிஷ் வேண்டாம், தேன்மெழுகு போதும்.

பூட்டைப் பழங்காலச் சீனத் தச்சர் லூ பானே செய்தார் என்பதை வரலாறாகச் சொல்கிறார்கள். அது மரபுக் கதை, பழைய சீன அமைச்சர் ஒருவரின் பெயரால் குங்மிங் பூட்டு என்றும் இதற்குப் பெயர் உண்டு. அதற்குப் பதில் ஷான்ஸியில் 1056-இல் எழுந்த, 67 மீட்டர் உயர யிங்சியன் மரக்கோபுரத்தைக் காட்டலாம். இறுகாமல் அசைந்து கொடுக்கும் பொருத்துகள் என்ன சாதிக்கும் என்பதற்கு அது போதும்.

இரண்டாம் நாள், சீனத்து மிங் அரசர் காலப் பாணி ஸ்டூலின் மேற்பலகை. சட்டத்தின் காடிக்குள், அதாவது நீளப் பள்ளத்துக்குள், பசையின்றி மிதக்கும் பலகை, செட்டிநாட்டுக் கதவு செய்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடுகிறது. மூன்று சட்டங்கள் 45 பாகையில் கூடும் மூலையையும் அதே மதியத்தில் திணிப்பதுதான் தவறு. நான்கு மூலைகளில் ஒன்றாவது பிளக்கிறது. பதிவு செய்யும்போதே மூலைப் பொருத்தைத் தனி நாளாகக் கேளுங்கள். கட்டைகளை இரண்டு வாரம் முன்பே அறுத்து நிழலில் அடுக்கி வைக்கவும் சொல்லுங்கள்.