ரைனா, மோசலா: திறந்த ஆறும் கதவு போட்ட ஆறும்

ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரில் மோசல் ஆறு ரைனோடு கலக்கிறது. இரண்டிலும் சரக்குக் கப்பல்கள் ஓடுகின்றன என்றாலும், கப்பலுக்கு வேண்டிய ஆழத்தைப் பெறும் முறையில் இரண்டும் நேர் எதிரானவை. ரைனில் இஃபெட்ஸ்ஹைம் அணைக்குக் கீழே, நெதர்லாந்தில் 'வால்' (Waal) என்ற பெயருள்ள கிளையாறு வழியாகக் கடல் வரை, குறுக்கே ஓர் அணையும் கிடையாது. மோசலிலோ, கோப்லென்ஸ் முதல் பிரான்சின் தியோன்வில் வரை 14 அணைகள் ஆற்றைப் படிக்கட்டாக மாற்றியிருக்கின்றன. ஒவ்வொரு படியையும் கப்பல் லாக் வழியாகவே, அதாவது நீர்மட்டத்தை ஏற்றி இறக்கும் கதவு போட்ட கூடம் வழியாகவே, ஏறி இறங்க வேண்டும்.

இந்த வேறுபாட்டுக்கு வரலாறே காரணம். ரைனின் மேற்பகுதியைப் பொறியாளர் துல்லாவின் திட்டப்படி 1817 முதல் வளைவுகளை வெட்டி நேராக்கினார்கள். பாசலுக்கும் பிங்கனுக்கும் இடையே ஆறு 81 கிலோமீட்டர் குறுகியது. 1868-ஆம் ஆண்டின் மான்ஹைம் உடன்படிக்கை ரைனில் சுங்கமில்லாத போக்குவரத்தை உறுதிசெய்தது. மோசல் கால்வாய்மயமானது அரசியல் பேரத்தால்: 1956-இல், போருக்குப் பின் பிரான்சின் பிடியில் இருந்த சார் (Saar) பகுதி ஜெர்மனிக்குத் திரும்ப வழி பிறந்தபோது, தன் லொரெய்ன் பகுதியின் எஃகு ஆலைகளுக்கு நீர்வழி வேண்டும் என்று பிரான்ஸ் வற்புறுத்திப் பெற்றது. 1964-இல் திறக்கப்பட்ட அந்த வழியில் கப்பல்கள் சுங்கம் செலுத்த வேண்டும் என்பதும் ஒப்பந்தத்திலேயே இருந்தது.

ரைனின் பலவீனம் கோடையிலும் இலையுதிர் காலத்திலும் தெரியும். ரைன் கரையில் உள்ள கௌப் என்ற சிற்றூரின் நீர்மட்ட அளவுகோலைத்தான் கப்பல்காரர்கள் நாள்தோறும் பார்ப்பார்கள். 2018 அக்டோபரில் அது 25 சென்டிமீட்டர் காட்டியபோது, ஆறு முழங்காலளவுக்கு வற்றிவிட்டது என்றே செய்தி படித்த பலர் எண்ணியிருப்பார்கள். ஆனால் அளவுகோலின் பூச்சியம் ஆற்றின் அடித்தளம் அல்ல. அந்த எண்ணோடு ஏறத்தாழ 1.1 மீட்டரைக் கூட்டினால்தான் கப்பல் பாதையின் ஆழம் கிடைக்கும். அந்த 1.4 மீட்டருக்குள் அடங்க வேண்டுமானால் பெரிய கப்பல் தன் சரக்கில் பெரும்பகுதியைக் கரையிலேயே விட்டுச்செல்ல வேண்டும். ரைன் கரையில் லுட்விக்ஸ்ஹாஃபனில் உள்ள பாஸ்ஃப் (BASF) வேதிப்பொருள் நிறுவனம் அவ்வாண்டு உற்பத்தியைக் குறைத்து, சுமார் 25 கோடி யூரோ இழந்தது.

மோசலில் இந்தக் கவலை இல்லை. வறட்சியிலும் அணைகள் 3 மீட்டர் ஆழத்தைத் தாங்கிப் பிடிப்பதால், எவ்வளவு சரக்கு ஏற்றலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஆனால் 2024 டிசம்பரில் ம்யூடன் லாக்கின் கதவில் ஒரு கப்பல் மோதியதும் மொத்த ஆறும் நின்றது. அங்கே ஒரே ஒரு கூடம்தான், மாற்றுவழி கிடையாது. ஏறத்தாழ 70 கப்பல்கள் மேல்புறத்தில் சிக்கின, புதிய கதவு பொருத்தி வழக்கமான போக்குவரத்து திரும்ப ஏறக்குறைய இரண்டு மாதம் ஆயிற்று. ட்செல்டிங்கன், ஃபாங்கல் போன்ற இடங்களில் இரண்டாவது கூடம் முன்பே கட்டப்பட்டிருந்தது என்றாலும், பதினான்கில் ஒன்று நின்றாலே சங்கிலி அறுந்துவிடுகிறது.

ஆகவே எனக்கு ரைனே மேல் என்று தோன்றுகிறது: பாதிச் சரக்கோடாவது கப்பல் நகர்கிறது, மீதியை இன்னொரு கப்பலில் ஏற்றலாம். ஒரே ஆலையை நம்பி, மாறாத அளவில் சரக்கு அனுப்புபவருக்கு மோசல் பொருந்தும், அவசரத்துக்கு ரயில் வசதி அருகில் இருந்தால்.

திறந்த ஆறு என்பதால் ரைன் செலவில்லாதது என்று நினைத்துவிடக் கூடாது. மேலே உள்ள அணைகள் சரளையைத் தடுப்பதால் இஃபெட்ஸ்ஹைமுக்குக் கீழே ஆற்றுப்படுகை அரித்துத் தாழ்கிறது. அதை ஈடுசெய்ய 1978 முதல் ஆண்டுதோறும் படகுகளில் சரளையைக் கொண்டுவந்து ஆற்றிலேயே கொட்டுகிறார்கள். மைன்ஸுக்கும் சங்க்ட் கோவாருக்கும் இடையே பாதை ஆழத்தை 1.90 மீட்டரிலிருந்து 2.10 மீட்டராக உயர்த்தும் திட்டமும் இருக்கிறது. கேட்க அற்பமாகத் தோன்றும் அந்த 20 சென்டிமீட்டர், நீர் குறைந்த நாட்களில் ஒரு கப்பலுக்குப் பல லாரிச் சுமையைக் கூடுதலாக ஏற்றிக்கொள்ள இடம் தரும்.