முனையத்தில் கடவுச்சொல் வாங்குதல்: கெட்பாஸா, டெர்மியோஸா, ரீட்பாஸ்ஃபிரேஸா?

ரெயூனியன் தீவின் சேன் ஆந்த்ரே நகரில் ஒரு கோயில் சங்கத்துக்குக் காணிக்கைக் கணக்கு நிரல் ஒன்றைச் சி மொழியில் எழுதித் தந்தபோது, லினக்ஸ் முனையத்தில் கடவுச்சொல்லைத் திரையில் காட்டாமல் வாங்க கெட்பாஸ், ரீட்பாஸ்ஃபிரேஸ் என்னும் இரு ஆயத்தச் செயற்கூறுகள், முனையத்தின் அமைப்பை நாமே மாற்ற உதவும் டெர்மியோஸ் இடைமுகம் ஆகிய மூன்று வழிகளையும் முயன்று பார்த்தேன். எழுத்தை மறைப்பது மூன்றிலுமே எளிது. இடையில் நிரல் நிறுத்தப்பட்டால் முனையத்தைப் பழைய நிலைக்குத் திருப்பும் பொறுப்பு யாருடையது என்பதில்தான் அவை வேறுபடுகின்றன.

கெட்பாஸ் 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இருந்தது. ஒரே வரியில் வேலை முடிந்துவிடும். ஆயினும் 2001இல் யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான போசிக்ஸ் தரநிலை அதை நீக்கிவிட்டது. கெட்பாஸ் தரும் சுட்டி (நினைவக முகவரி) தன்னிடமுள்ள ஒரே நிலையான இடத்தைக் காட்டுவதால், புதிய கடவுச்சொல்லை இருமுறை கேட்டு ஒப்பிடுபவர், முதலாவதைப் படியெடுத்து வைக்காவிட்டால், ஒரே சரத்தை அதனோடேயே ஒப்பிட நேரும். எதை அடித்தாலும் பொருந்தும். பழைய சில அமைப்புகளில் அது 8 பைட்டுக்கு மேல் ஏற்காது. 'கோவில்' என்னும் சொல்லுக்கே யுடிஎஃப்-8 எழுத்துக் குறியீட்டில் 18 பைட்டு தேவை. லினக்ஸின் வழக்கமான சி நூலகமான ஜிலிப்சியில் அந்த வரம்பு இல்லை, ஆனால் கடவுச்சொல் கேட்கும் நேரத்தில் நிரலை நிறுத்தும் கண்ட்ரோல்-சி வேலை செய்யாது.

டெர்மியோஸ் வழியில் முனையத்தின் அமைப்பை வாங்கி, அடிக்கும் எழுத்தைத் திரையில் காட்டும் எக்கோவை மட்டும் அணைத்து, ஒரு வரி படித்தபின் பழைய அமைப்பை நாமே மீட்க வேண்டும். அணைக்கும்போது டிசிஎஸ்ஏஃப்ளஷ் என்று கொடுத்தால், கேள்வி தோன்றும் முன்பே அவசரமாக அடித்த எழுத்துகள் கழிந்துவிடும். படிக்கும் நடுவில் கண்ட்ரோல்-சி அழுத்தப்பட்டால் எக்கோ அணைந்தபடியே நின்றுவிடும். அடிப்பது எதுவும் தெரியாமல் முனையத்தை இயல்புநிலைக்குத் திருப்பும் 'எஸ்டிடிஒய் சேன்' கட்டளையைக் குருட்டுத்தனமாகத் தட்டித்தான் மீள வேண்டியிருந்தது. இதைத் தவிர்க்க, நிரலை நிறுத்தச் சொல்லி வரும் சிக்னல்களைப் பிடிக்கும் நிரல்வரிகளைச் சேர்த்தால், எளிய வழி என்று தொடங்கியது ஒரு பக்கத்துக்கு நீண்டுவிடுகிறது.

இவ்வூரில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிரெஞ்சு அசெர்ட்டி விசைப்பலகையில் ஷிப்ட் இல்லாமல் 2ஐத் தட்டினால் மேற்குறி இட்ட 'எ' விழும். அது இரண்டு பைட்டு. உள்ளீட்டை யுடிஎஃப்-8 ஆகக் கருதச் சொல்லும் முனையத்தின் ஐயுடிஎஃப்8 அமைப்பு அணைந்திருந்தால் பேக்ஸ்பேஸ் அதில் பாதியை மட்டுமே அழிக்கும். எதுவும் திரையில் தெரியாததால் அடிப்பவர் அதை அறியவே முடியாது.

ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்திலிருந்து வந்த ரீட்பாஸ்ஃபிரேஸ், நாம் தரும் இடத்தில், நாம் சொல்லும் அளவுக்குள் எழுதுகிறது. சிக்னல் வந்தால் முனையத்தை மீட்டபின் அதே சிக்னலை மீண்டும் நிரலுக்கு அனுப்புகிறது. முனையம் இல்லாதபோது உள்ளீட்டுக் குழாயிலிருந்து படிப்பதா, பிழை என்று திரும்புவதா என்பதையும் நம்மிடமே விடுகிறது. லினக்ஸில் லிப்பிஎஸ்டி நூலகத்தைச் சேர்க்க வேண்டியிருப்பதே இதன் விலை. அந்த விலையைத் தயங்காமல் கொடுத்தேன்.

ஒவ்வோர் எழுத்துக்கும் உடுக்குறி காட்ட விரும்பினால் மட்டும் டெர்மியோஸுக்குத் திரும்ப வேண்டும், அதுவும் முழு வரியாகச் சேர்த்துத் தரும் வரிமுறையை அணைத்து, அழிப்பதையும் நாமே கையாண்டு. எவ்வழியாயினும், வேலை முடிந்ததும் கடவுச்சொல் இருந்த நினைவகத்தை எக்ஸ்பிளிசிட் பிசீரோ என்னும் செயற்கூறு கொண்டு துடைப்பது நம் வேலை. நினைவகத்தை நிரப்பும் வழக்கமான மெம்செட் கொண்டு துடைத்தால், அதன்பின் அவ்விடம் பயன்படவில்லை என்று கண்டு கம்பைலர் அந்த வரியையே நீக்கிவிடக்கூடும்.